கேட்டது கிடைத்த பிறகு

ஜனவரி 12

அன்புள்ள கீச்சுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சலவைக்கூடத்து ஆவி பட்டு உன் கை கொப்பளித்ததாகப் போனில் சொன்னாயே, ஆறிவிட்டதா? மருந்து போடாமல் ஊதி ஊதியே ஆற்றுகிற ஆள் நீ.

வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் அத்தை ஸ்பீக்கரைப் போடச் சொல்லி என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார். மகள் அங்கே தும்மினால் இங்கே அவருக்குக் கேட்க வேண்டும். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் பார்க்க டாக்டரிடம் கூட்டிப்போனேன். உன் அண்ணனைப் பற்றி நல்ல சேதி வரும்வரை உப்பைத் தொடமாட்டேன் என்று நான்கு வருடமாகப் பிடித்திருக்கும் பிடிவாதத்தை டாக்டரிடம் புகாராகச் சொன்னேன். அவர், “ரொம்ப நல்லதும்மா, நானே உப்பைக் குறைக்கத்தான் சொல்லியிருப்பேன்” என்றுவிட்டார். வெளியே வந்ததும் அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “கடவுள் எனக்கு ஒண்ணு சொன்னா அதுல ரெண்டு இருக்கும், பாத்துக்க.”

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவரை உனக்குத் தெரியும், பவர் சார். மனைவியை இழந்தவர். போன வாரம் கடை சாத்துகிற நேரத்தில் நான் லென்ஸ் ஓரம் தேய்க்கும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார். வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே குரலில், “இப்படியே இருக்கறது நல்லாருக்கா, இல்ல சேர்ந்து இருக்கறது நல்லாருக்குமா?” என்றார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாகிவிட்டது. “எனக்கு ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது சார்” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கணவன் இருக்கிறவளா, இல்லாதவளா? என் மகள் மொட்டு மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். அதற்கு அடுத்த வருடம், “ஒரு மில்லுல மெஷின் இறக்கணும், ரெண்டு நாள்ல வந்துடுவேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார் உன் அண்ணன். அவர் போன் கடைசியாக வேலை செய்தது நீ இருக்கும் ஊரில்தான் என்று போலீஸ் சொன்னதால்தானே நீ அங்கே வேலை தேடிக்கொண்டு போனாய்?

அவருடைய தங்கையிடம் போய் இதைக் கேட்பது முறையில்லைதான். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல். மனதில் பட்டதை எழுது. கோபம் வந்தால் கோபத்தோடே எழுது.

கையைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணி


ஜனவரி 29

அன்பு அண்ணிக்கு,

கை ஆறிவிட்டது. ஒரு விரல் மட்டும் புதுத்தோலோடு வெட்கப்பட்டுக்கொண்டு சிவந்து நிற்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்கவே வேண்டாம், உப்பில்லாவிட்டாலும் அளவு குறையாது.

இங்கே ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள். எந்தக் கட்டிலில் யார் பிழைத்தார், யார் போனார் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எல்லாத் துணியும் ஒரே வண்டியில்தான் வரும். வெளுத்து, சூடான உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் சுருக்கமில்லாமல் வந்து விழும். எங்கள் சூப்பர்வைசர் முகத்தையும் ஒருதரம் உள்ளே விட்டு எடுக்கலாமா என்று எல்லாரும் பேசிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது உண்மை. மறுபடி படித்தபோது என்மேலேயே கோபம் வந்தது. நீங்களும் மனுஷிதானே.

கேட்டதால் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள் அண்ணி. அண்ணன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டறைத் தெருக்களில் அவன் போட்டோவோடு நடக்கிறேன். போன வாரம் ஒரு வெல்டர், “பாத்த மொகமா இருக்கு” என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், தெரியும். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அம்மா தினம் தினம் உட்கார்ந்து கடவுளிடம் கேட்கிறாள். அத்தனையும் காற்றில் போய்விடுமா? நீங்கள் பவர் சாரிடம் சரி என்று சொல்லி, மறுநாள் அவன் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். அம்மா நெற்றியில் என் சார்பாக ஒரு முத்தம்.
உங்கள் கீச்சு


பிப்ரவரி 16

அன்புள்ள கீச்சுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலமாய் இருக்கிறாய் என்று தெரிந்து நிம்மதி. அத்தைக்கு லேசான இருமல், கவலைப்படும்படி இல்லை. முத்தத்தைக் கொடுத்தேன். “இது யாருது?” என்றார். “தபால்ல வந்தது” என்றேன்.

நீ சொன்னது நியாயம். பவர் சாரிடம், பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். “எனக்கு அவசரமில்ல. கண் பாக்கறவனுக்குப் பொறுமை இல்லன்னா எப்படி?” என்றார். மறுநாளிலிருந்து மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு முக்காலி வந்திருக்கிறது. யார் வைத்தது என்று கடையில் யாரும் பேசுவதில்லை.

நீ பிரார்த்தனையைப் பற்றி எழுதியிருந்தாய். ஆறு மணியானால் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடுகிறார். “நீயும் வந்து உக்காரேன்” என்று தினமும் ஒருமுறை கூப்பிடுவார். நான் காய் நறுக்கிக்கொண்டே, “நீங்க கேளுங்க அத்தை, உங்க குரல்தான் அவருக்குப் பழக்கம்” என்பேன். மொட்டுவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது நான் கெஞ்சாத கெஞ்சலா? அன்றைக்குப் பிறகு கடவுளிடம் நான் பேசுவதில்லை. சண்டையெல்லாம் இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோனது, அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்குள் நடப்பதுதானே.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அத்தை கண்ணை மூடியிருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு மகன் இருக்கிறான். எனக்கு அந்த நேரம்கூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அலையும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ.
உன் அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள கீச்சுவுக்கு,

உடம்பு சரியில்லையா? மார்ச் முழுக்க உன் கடிதம் இல்லை. போனிலும் “வேலை இருக்கும்மா, வைக்கிறேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். பிறந்தது முதல் வாய் மூடாததால் உனக்குக் கீச்சு என்று பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இப்படி ஊமையாவதா? நீ வைத்தபிறகும் அத்தை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். “அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்கிறார். நான் ஒன்றுமில்லை என்கிறேன். எனக்கும் என்னவோ போலத்தான் இருக்கிறது.

யாரையாவது பிடித்திருக்கிறதா? அப்படியானால் சந்தோஷம், தைரியமாகச் சொல். இந்த வீட்டில் ஒருத்திக்காவது நல்லது நடக்கட்டும்.

இரண்டு வரி போதும். எழுது.
உன் அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே. துணி உலர்த்தும் மெஷின் பழுதாகி இங்கே எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. அதனால்தான் எழுதவில்லை. யாரையும் பிடிக்கவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். ஜனவரியில் உங்களுக்கு எழுதியது தவறு. அப்போது எனக்கு அறிவில்லை. பவர் சாரிடம் சரி என்று சொல்லிவிடுங்கள். நல்ல மனிதர். காலம் யாருக்காகவும் காத்திருக்காது. எனக்கே நெற்றியோரம் வெள்ளிமுடி எட்டிப் பார்க்கிறது, அண்ணனுக்குக் காதோரம் முழுக்க வெளுத்துவிட்டது, எங்கள் குடும்பத்து முடி அப்படி. இருக்கிற வயதை இனியும் வீணாக்காதீர்கள். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் இனி அலைய வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கீச்சு


ஏப்ரல் 26

கீச்சு,

உன் அண்ணன் கிளம்பிய அன்று காலையில் அவருக்கு முடி வெட்டிவிட்டது நான். ஒரு நரை இல்லை.

அவரை எங்கே பார்த்தாய்?

அண்ணி


மே 14

அண்ணி,

உங்கள் உடம்பைப் பற்றி விசாரிக்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிட்டீர்களா? சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

மார்ச்சில் உலர்த்தும் மெஷின் நின்றுபோனது. வெளியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். நான் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது மெஷினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. “அந்தப் பெரிய ஸ்பேனர எடுங்க” என்று ஒரு கை வெளியே வந்தது. எடுத்துக் கொடுத்தேன். “தேங்க்ஸ்மா” என்றது குரல். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் நகர்ந்து வெளியே வந்து, நிமிர்ந்து பார்த்து, “கீச்சு” என்றான்.

ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. குழாயடிக்குப் போய்க் கை கழுவினான். கிரீஸ் போனபிறகும் கழுவிக்கொண்டே இருந்தான்.

“அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அவ?”

“அண்ணியும் இருக்காங்க. ஏன், எல்லாரும் செத்திருப்போம்னு நெனச்சியா?”

அவன் அழுதான் அண்ணி. எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. யூனிஃபாரத்தில் இருந்தேன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களிடம் மறைத்தது போதும். “அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுச்சு கீச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டு. அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. காலைல எழுந்து வேலைக்குப் போனா, சாயங்காலம் வந்து சமைச்சா. அவ அழுதிருந்தா நானும் அழுதிருப்பேன். நான் அங்கேயே இருந்திருப்பேன்.” ரெண்டு நாள் என்றுதான் உண்மையாகவே கிளம்பினானாம். ரெண்டு நாள் வாரமாகி, வாரம் மாதமாகி, அப்புறம் எந்த முகத்தோடு வருவது என்று இருந்துவிட்டானாம்.

அவனோடு ஒருத்தி இருக்கிறாள். தையல்காரி. ஒரு பெண் குழந்தை, நடக்கப் பழகிவிட்டது. அவளுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். சொன்னால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் அவனுக்காகக் காத்திருந்து வீணாகப் போவதையும் பார்க்க முடியவில்லை. அதனால்தான் உங்களைக் கல்யாணத்துக்குத் தள்ளப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்லக்கூட உருப்படியாகத் தெரியவில்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.
கீச்சு


ஜூன் 3

அன்புள்ள கீச்சுவுக்கு,

உன்னை ஏன் திட்டப்போகிறேன்? நீ ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தாய், அவ்வளவுதான். நான் இருக்கிறேன். அத்தையும் நன்றாக இருக்கிறார், நன்றாக என்றால் மிக நன்றாக.

முதலில் உன் அண்ணன் சொன்னதற்கு என் பதில். நீ அவனிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ‘அவர்’ என்று எழுத இன்று கை வரவில்லை, பொறுத்துக்கொள். நான் அழாமல் இருந்தது அவன் தூங்க வேண்டும் என்றுதான். பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதால் அவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தேன். பகலில் கடையில் அழுதேன். கண்ணாடி தேய்க்கிற மெஷின் ஓடும்போது யாருக்கும் எதுவும் கேட்காது. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் தூள் பட்டுவிட்டது என்பேன். அவன் எனக்காக அழாமல் இருந்தான், நான் அவனுக்காக அழாமல் இருந்தேன். இதற்குப் பெயர் குடும்பம்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்குத் திராணியில்லை. அவர் ஆறு மணிப் பிரார்த்தனை முடித்து எழுந்ததும், “அத்தை, அவர் உயிரோட இருக்கார். கீச்சு பாத்திருக்கா” என்றேன். நேரே சமையலறைக்குப் போனார். உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது, அவர் உப்பைச் சப்பிக்கொண்டு நிற்கிறார். “குடுத்துட்டார். கேட்டேன், குடுத்துட்டார்” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தத் தையல்காரியைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார். பிறகு, “எளச்சுட்டானா?” என்றார்.

வேறொன்றும் கேட்கவில்லை கீச்சு. மறுநாள் காலையில் எழுந்து வந்தேன், துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, “தப்பா நெனைக்காதம்மா. பெத்த வயிறு” என்றார். பெத்த மனம் பித்து என்பார்கள். கட்டின மனத்துக்கு ஒரு பழமொழியும் சொல்லிவைக்கவில்லை.

மாதக் கடைசியில் ரயில் ஏற்றிவிடுகிறேன். இருமல் மருந்து பையின் பக்க அறையில் இருக்கும். தலையணை உயரமாக வேண்டும் அவருக்கு.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் குழந்தையின் பெயர் என்ன?

உன் அண்ணி


ஜூலை 11

அன்பு அண்ணிக்கு,

அம்மா நலமாக வந்து சேர்ந்தாள். ரயிலிலிருந்து இறங்கியதும் கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று பார்த்தேன். சத்தியத்தை உடைத்தவளின் பயம் எனக்கு. அவளுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தனியாக இருப்பது பழகிவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் அறைக்கு வந்தான். கதவருகிலேயே நின்றான். அம்மா, “வா, சாப்பிடு” என்றாள், காலையில் வெளியே போனவன் இப்போதுதான் திரும்பி வந்த மாதிரி. அவன் சாப்பிட்டான். தட்டைக் கழுவப் போனவனைப் பிடித்து உட்காரவைத்து அவன் காதோர நரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “வீட்டுக்கு வாடா” என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரோ தெரிந்தவர்களைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறானாம்.

அண்ணன் உங்களுக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ‘மன்னிச்சிடச் சொன்னான்’ என்று நானாக எழுதலாமா என்று பார்த்தேன். என் பொய் இனி உங்களிடம் செல்லாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
கீச்சு


ஆகஸ்ட் 8

அன்புள்ள கீச்சுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான்.

இரண்டு பேருக்கு வடித்தே கை பழகிவிட்டது. மிஞ்சுகிறது. பழகிக்கொள்வேன்.

பவர் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இறந்தவரின் மனைவி என்று நினைத்துத்தான் அவர் கேட்டார். இல்லை, இருக்கிறார் என்றேன். “அப்படியா… அப்ப அது வேற மாதிரிங்களே. பசங்க ஒத்துக்க மாட்டாங்க, ஊரும் ஒரு மாதிரி பேசும்” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. அன்றிலிருந்து என்னை ‘மேடம்’ என்கிறார். நானும் அந்த முக்காலியில் உட்காருவதை விட்டுவிட்டேன். நீ ஏப்ரலில் சொன்னபோதே ஒன்றும் கேட்காமல் சரி என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றவில்லை.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். எழுதாததிலேயே தெரிந்துகொண்டேன்.

அத்தையின் கால் விரல் வெடிப்புக்கு எண்ணெய் தடவிவிடு. அவராகச் சொல்லமாட்டார்.
உன் அண்ணி


செப்டம்பர் 20

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு மன்னியுங்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. நலமாக இருக்கிறீர்களா? நான் நலம். அம்மா உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏன் என்று கேட்டால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். இத்தனை மாதம் ஒத்துக்கொண்ட தண்ணீர்!

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் சொல்லாமலே தெரிந்துகொண்டது சரி. குழந்தையை அவன் மொட்டு என்றுதான் கூப்பிடுகிறான். அவன் “மொட்டு” என்று கூப்பிடும்போதெல்லாம் அம்மா மடியில் இருக்கிற குழந்தையை விட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். அவள் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “ஏ சின்னப் பொண்ணே” என்றுதான் கூப்பிடுவாள்.

போன வாரம் அம்மாவும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். எதிரே அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். ஒதுங்க இடமில்லை. அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்து, “யாருங்க?” என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணன் முகம் வெளிறிப்போனது. “எங்க ஊர்க்காரங்க” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “ஆமாம்மா, ஊர்க்காரங்கதான். நல்லா இருங்க” என்றாள். குழந்தை கையை நீட்டியது. அம்மா தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பையை எடுத்தாள். சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வருவீர்களா என்று கேட்கச் சொன்னாள். நேராகக் கேட்கவில்லை. “அவளுக்கு வேலை இருக்கும், ஆட்டோ புடிச்சுக்கறேன்னு எழுது” என்றாள்.

கீச்சு


அக்டோபர் 2

அன்புள்ள கீச்சுவுக்கு,

அத்தை பத்திரமாக வந்துவிட்டார். உட்கார்ந்தே வந்ததில் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, வடிந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? அறையில் தனியாகிவிட்டாயே என்று இங்கே பேசிக்கொண்டோம்.

ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். எல்லாரும் இறங்கியபிறகு கடைசியாக, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். போய்ப் பையைப் பிடித்தேன், விடவில்லை.

“தண்ணி ஒத்துக்கல” என்றார்.

“சரிங்க அத்தை.”

“நெஜமாவே ஒத்துக்கல.”

“சரிங்க அத்தை. வாங்க.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். என்ன என்றேன். “நான் இங்க இருக்கலாமா?” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது கீச்சு. எதன்மேல் என்று தெரியவில்லை. “சோறு ஆறுது, உள்ள வாங்க” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். வந்துவிட்டார்.

அவனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, “அந்தக் கொழந்த நல்லா இருக்கு. பாவம், அது என்ன பண்ணும்” என்றார். “ஆமா அத்தை, அது என்ன பண்ணும்” என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வந்த நாளிலிருந்து அவர் பிரார்த்தனைக்கு உட்காரவில்லை. ஆறு மணியானால் ஜன்னலோரம் போகிறார், உட்காருகிறார், எழுந்துவிடுகிறார். நேற்று முன்தினம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“என்னத்தக் கேக்கறது?” என்றார். “உயிரோட இருக்கணும்னு கேட்டேன். குடுத்துட்டார். நம்ம வீட்டுக்கு வரணும்னும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். எனக்குச் சரியாக் கேக்கத் தெரியல.”

காய் நறுக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“உனக்கு ஏதாவது வேணுமா? சொல்லு, நான் கேக்கறேன். நீதான் அவர்கூடப் பேசறதில்லையே.”

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆளில்லாமல் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். பெரிதாக எதையும் கேட்கப் பயமாக இருந்தது, கேட்டது கிடைத்துவிட்டால் என்ன செய்வது? கடைசியில், “நாளெல்லாம் நின்னு முழங்கால் வலிக்குது அத்தை. வேணும்னா அதக் கேளுங்க” என்றேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். “இந்தப் பொண்ணுக்கு முழங்கால் வலி” என்று ஆரம்பித்தார். நிறுத்தி, ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“எந்தக் கால்?”

“எடது, அத்தை.”

“எடது கால்” என்று திருத்திச் சொன்னார். “இந்தத் தடவ தெளிவாக் கேக்கணும்ல” என்று எனக்கு ஒரு விளக்கம். பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். “நின்னு நின்னு வந்த வலி. அவ கேக்கமாட்டா, அதான் நான் கேக்கறேன். எரக்கம் வை.”

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று காலை கடைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “கொறஞ்சுதா?” என்றார்.

“கொஞ்சம் பரவால்ல அத்தை” என்றேன்.

வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் கையையும் காலையும் பார்த்துக்கொள். அடுத்த முறை போனில் கூப்பிடும்போது ஸ்பீக்கரில்தான் போடுவேன், உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்பார். ஏதாவது ஒன்று சொல்லிவிடு.

உன் அண்ணி